வயது, அனுபவம், தொழில்நுட்ப வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மென்பொருள் வேலைகளுக்கான நேர்முகக் குழுக்களில் பல ஆண்டுகளாக அமர்ந்து வருகிறேன். கல்லூரி முடித்த கையோடு வருகிறவர்களும், ஆட்குறைப்பில் வேலையை இழந்துவிட்டு ஐம்பது வயதில் மீண்டும் ரெஸ்யூமே எழுதுகிறவர்களும், ஆள் எடுக்கும் பொறுப்பில் இருப்பவர்களும் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே ஐயங்கள்தான். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில் வருகின்றன.

1. வயதைக் காரணம் காட்டி வேலை தர மறுத்தால் அது சட்டப்படி தவறுதானே?

நீங்கள் எந்த நாட்டில் விண்ணப்பிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவில் 1967-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட வேலைவாய்ப்பில் வயதுப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் 40 வயது நிறைந்தவர்களைப் பாதுகாக்கிறது. ஆனால் 20 பேருக்கும் குறைவானவர்கள் வேலை செய்யும் தனியார் நிறுவனங்களை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது என்பதால், தொடக்க நிலை ஸ்டார்ட்அப்கள் பல அதன் பிடிக்குள் வருவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2000-ஆம் ஆண்டுப் பணிச் சமத்துவ நெறியாணை, ஆஸ்திரேலியாவின் 2004 வயதுப் பாகுபாட்டுச் சட்டம், பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டம் ஆகியவை முதியவர், இளையவர் என்று பாராமல் எல்லா வயதினருக்கும் பொருந்துகின்றன. சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2025 ஜனவரியில் நிறைவேற்றிய பணியிட நியாயச் சட்டமும் வயதைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. இந்தியாவில் தனியார் நிறுவனங்களின் ஆள்சேர்ப்பில் வயதுப் பாகுபாட்டைத் தடுக்கும் தனிச் சட்டம் இல்லை.

சட்டம் இருக்கும் நாடுகளிலும் இது பெரும்பாலும் இழப்பீடு கோரும் உரிமையியல் விவகாரமாகவே நடத்தப்படுகிறது. தவறு செய்த மேலாளர் சிறைக்குப் போவார் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

2. சட்டம்தான் இருக்கிறதே, பிறகு ஏன் யாரும் வழக்குப் போட்டு ஜெயிப்பதில்லை?

ஜெயித்தவர்களும், சமரசத்தில் பணம் பெற்றவர்களும் இருக்கிறார்கள். கூகுளில் விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்ட 40 வயதுக்கு மேற்பட்ட இருநூற்றுக்கும் அதிகமானோர் தொடுத்த வழக்கு, 2019-இல் 1.1 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. பாகுபாடு காட்டியதாக அந்த நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் பொதுவாகப் பார்த்தால் வேலையில் இருப்பவர் நீக்கப்படும்போது ஆதாரம் கிடைக்கிற அளவுக்கு, வேலைக்கே எடுக்கப்படாதவருக்குக் கிடைப்பதில்லை. உங்களுக்குப் பதிலாக எடுக்கப்பட்டவர் யார், அவருடைய வயது என்ன, குழுவில் என்ன பேசினார்கள் என்பதெல்லாம் வெளியில் நிற்பவருக்குத் தெரியாது.

நீதிமன்றத் தீர்ப்புகளும் கதவைக் குறுக்கியிருக்கின்றன. வயதும் ஒரு காரணம் என்று காட்டினால் போதாது, வயது குறுக்கே வந்திராவிட்டால் முடிவு வேறாக இருந்திருக்கும் என்று நிரூபிக்க வேண்டும் என 2009-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறியது. கேர்ஃபியூஷன் என்ற மருத்துவக் கருவி நிறுவனம் ஒரு பணிக்கு "3 முதல் 7 ஆண்டு அனுபவம், ஏழுக்கு மேல் வேண்டாம்" என்று விளம்பரம் செய்தது. அதற்கு விண்ணப்பித்த 58 வயது வழக்கறிஞர் தொடுத்த வழக்கில், பொதுவாகத் தோன்றும் ஒரு விதி முதியவர்களை மறைமுகமாகப் பாதிக்கிறது என்ற அடிப்படையில் வெளி விண்ணப்பதாரர்கள் வழக்காட முடியாது என்று 2019-இல் ஏழாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அனுபவத்துக்கு மேல்வரம்பு வைப்பது வயதுக்கு மேல்வரம்பு வைப்பதுதான் என்பது படித்த யாருக்கும் புரியும். ஆனாலும் அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் அந்த வாதம் எடுபடாது.

3. மற்ற துறைகளில் 45 வயது என்றால் நடுவயது. மென்பொருளில் மட்டும் ஏன் கிழவர் மாதிரி பார்க்கிறார்கள்?

முதல் காரணம் வெறும் கணக்கு. வேகமாக வளரும் துறையில் புதிதாக நுழைந்தவர்களின் விகிதம் எப்போதும் அதிகமாகவே இருக்கும். மூத்தவர்களில் ஒருவரைக்கூட யாரும் வெளியேற்றாவிட்டாலும், அலுவலகத்தில் கண்ணில் படும் முகங்களில் பெரும்பாலானவை இளமையாகத்தான் இருக்கும். அதைப் பார்த்துப் பழகியவர்கள், இந்த வேலை செய்பவர் எப்படி இருப்பார் என்று மனத்தில் ஒரு சித்திரத்தை வரைந்துவிடுகிறார்கள். அந்தச் சித்திரத்தில் பொருந்தாதவரிடம் கூடுதல் சான்று கேட்கிறார்கள். இரண்டாவது காரணம் பணம். ஒரு மூத்தவரின் சம்பளத்தில் இரண்டு புதியவர்களை எடுக்கலாம் என்ற கணக்கு, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று எண்ணிக் கட்டணம் வாங்கும் நிறுவனங்களில் லாபக் கணக்காகவே நிலைத்துவிட்டது.

மூன்றாவது, துறை தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் கதை. 2007-இல், 22 வயதில், மார்க் சக்கர்பெர்க் ஸ்டான்ஃபோர்டில் நடந்த கூட்டமொன்றில் இளைஞர்களே கூடுதல் புத்திசாலிகள் என்று பேசினார். அந்தப் பேச்சு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அசூலே, ஜோன்ஸ், கிம், மிராண்டா ஆகிய நால்வர் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகத்தின் தரவுகளைக் கொண்டு செய்து 2020-இல் வெளியிட்ட ஆய்வோ, மிக வேகமாக வளர்ந்த ஆயிரத்தில் ஒரு பங்கு புதிய நிறுவனங்களைத் தொடங்கியவர்களின் சராசரி வயது, தொடங்கும்போது 45 என்று காட்டியது. இந்த எண்ணை நேர்முகக் குழுக்களில் நான் சொல்லும்போதெல்லாம் யாராவது ஒருவர் நம்ப மறுக்கிறார்.

4. வயதானால் புதியதைக் கற்கும் வேகம் குறையும்தானே? அதைச் சொன்னால் பாகுபாடா?

மூளை தகவலைக் கையாளும் வேகம் இளமையிலேயே உச்சத்தைத் தொட்டு மெல்லக் குறைகிறது என்பது உளவியலில் நிலைபெற்ற முடிவு. சேர்த்து வைத்த அறிவும் சொல்வளமும் அதற்கு நேர்மாறாக அறுபதுகள் வரைகூட வளர்கின்றன என்பதும் அதே அளவு நிலைபெற்ற முடிவு. மென்பொருள் வேலைக்கு இரண்டும் வேண்டும். புதிய நிரல்மொழியைக் கற்கும் மூத்தவர், அதன் இலக்கணத்தை மனத்தில் ஏற்றச் சற்றுக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதில் உள்ள முக்கால்வாசிக் கருத்துகளை வேறு பெயர்களில் ஏற்கெனவே பார்த்திருப்பார்.

நிரலாளர்கள் கேள்வி கேட்டுப் பதில் எழுதும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தின் பதிவுகளை ஆராய்ந்த வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தினர், பயனர்களின் மதிப்புப் புள்ளிகள் வயதோடு ஐம்பதுகள் வரை உயர்வதாக 2013-இல் எழுதினார்கள். அந்தத் தளத்தில் பதில் எழுதும் ஐம்பது வயதுக்காரர் சராசரி ஐம்பது வயதுக்காரர் அல்லர் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இங், ஃபெல்ட்மன் என்ற இரு ஆய்வாளர்கள் 2012-இல் நூற்றுக்கணக்கான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். முதிய பணியாளர்களைப் பற்றிய ஆறு பொது நம்பிக்கைகளில் ஒன்றுக்கு மட்டுமே அவர்களுக்கு ஆதாரம் கிடைத்தது: பயிற்சிகளில் சேர முதியவர்களுக்கு ஆர்வம் சற்றுக் குறைவு. மூத்தவர்களைப் பயிற்சிக்கு அனுப்புவதே வீண் என்று நிறுவனம் பல ஆண்டுகள் நடந்துகொண்டால் ஆர்வம் எங்கிருந்து வரும் என்பது என் கேள்வி. அதனால் நேர்முகத்தில் மற்ற எதைக் காட்டிலும், கடந்த ஓராண்டில் புதிதாக எதைக் கற்றீர்கள் என்பதற்குத் திட்டவட்டமான பதில் உங்களிடம் இருக்க வேண்டும்.

5. "குறைந்தது 5 ஆண்டு அனுபவம்" என்று போட்டிருக்கிறார்கள். எனக்கு மூன்றுதான். விண்ணப்பிக்கலாமா?

விண்ணப்பிக்கலாம். அந்த எண் பெரும்பாலும் எவரும் அளந்து போட்டதன்று. பழைய விளம்பரத்திலிருந்து எடுத்தது, அல்லது சம்பளப் படிநிலைக்கு ஏற்ப மனிதவளத் துறை நிரப்பியது. 2020 ஜூலையில், ஃபாஸ்ட்ஏபிஐ என்ற மென்பொருள் கட்டமைப்பை உருவாக்கிய செபாஸ்தியான் ரமீரெஸ், அதில் நான்கு ஆண்டுக்கு மேல் அனுபவம் கேட்ட விளம்பரம் ஒன்றைப் பார்த்ததாகவும், தான் அதை உருவாக்கியே ஒன்றரை ஆண்டுதான் ஆகிறது என்பதால் தன்னால் விண்ணப்பிக்க முடியவில்லை என்றும் எழுதினார்.

எண் சரியாகவே இருந்தாலும் அது சொல்வது குறைவு. முன்அனுபவம் பற்றிய 81 ஆய்வுகளைத் திரட்டி 2019-இல் வெளிவந்த பகுப்பாய்வு ஒன்று, வேலையில் சேர்வதற்கு முன் ஒருவருக்கு இருந்த அனுபவத்துக்கும் புதிய இடத்தில் அவருடைய செயல்திறனுக்கும் உள்ள தொடர்பு மிகப் பலவீனமானது என்று கண்டது. பாதுகாப்பு அனுமதி, தொழில் உரிமம் போன்ற கட்டாயத் தகுதிகளைத் தவிர, ஆண்டுக் கணக்கைப் பார்த்து நீங்களே உங்களை நிராகரித்துக்கொள்ள வேண்டாம். கேட்டது பன்னிரண்டு, இருப்பது இரண்டு என்றால் மட்டும் வேறு விளம்பரத்தைப் பாருங்கள்.

6. அப்படியென்றால் அனுபவத்துக்கு மதிப்பே இல்லையா? இருபது வருஷம் உழைத்தது வீணா?

மதிப்பு ஆண்டுகளில் இல்லை, அந்த ஆண்டுகளில் நீங்கள் எதிர்கொண்டவற்றில் இருக்கிறது. நான் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வியைச் சொல்கிறேன். பல கோடிப் பதிவுகள் கொண்ட வாடிக்கையாளர் அட்டவணையில் ஒரு நெடுவரிசையின் பெயரை மாற்ற வேண்டும். தளம் ஒரு நிமிடமும் நிற்கக் கூடாது. எப்படிச் செய்வீர்கள்? புதியவர்களில் பலர் பெயரை மாற்றும் ஒற்றை வரிக் கட்டளையை எழுதிவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். இலக்கணப்படி அது சரியான விடை. ஆனால் அந்தக் கட்டளை ஓடிய நொடியில், பழைய பெயரைத் தேடும் நிரல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் எல்லாச் சர்வர்களிலும் பிழை வெடிக்கும்.

இப்படி ஒருமுறை சுட்டுக்கொண்டவர் வேறு விதமாகத் தொடங்குவார். புதிய பெயரில் இன்னொரு நெடுவரிசையைச் சேர்ப்பார். சில நாள் இரண்டிலும் எழுதும்படி நிரலை மாற்றுவார். பழைய பதிவுகளைச் சிறு சிறு தொகுதிகளாக நகலெடுப்பார். பிறகு படிப்பதைப் புதியதற்குத் திருப்புவார். எல்லாம் சரி என்று உறுதியான பிறகே பழையதை நீக்குவார். இடையில் எந்தப் படியிலிருந்தும் பின்வாங்க முடியுமா என்பதைக் கேட்காமலேயே சொல்வார். சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், இந்தப் பெயரை மாற்றுவதால் யாருக்கு என்ன லாபம் என்று என்னையே திருப்பிக் கேட்பார்கள். அந்தக் கேள்வி வந்துவிட்டால் எனக்கு மீதி நேர்முகம் எளிதாகிவிடும்.

இந்த விடையை நான்கு ஆண்டு அனுபவம் உள்ளவரிடமும் கேட்டிருக்கிறேன். பதினெட்டு ஆண்டுகள் ஒரே மாதிரியான அறிக்கைகளைத் தயாரித்துக்கொண்டிருந்தவரிடம் அது கிடைக்காமலும் போயிருக்கிறது. ஆகவே உங்கள் இருபது ஆண்டுகளும் வீணா இல்லையா என்பதற்கு, அவற்றில் எத்தனை முறை ஒரு முடிவின் விளைவைக் கடைசி வரை இருந்து பார்த்தீர்கள் என்பதே அளவு. நிறுவனம் விட்டு நிறுவனம் தாவிக்கொண்டே இருப்பவர்களுக்குக் கிடைக்காததும் அதுதான்.

7. ரெஸ்யூமேயில் பிறந்த தேதி, பட்டம் வாங்கிய வருஷம் எல்லாம் போட வேண்டுமா?

விண்ணப்பப் படிவம் கட்டாயமாகக் கேட்டாலொழிய, பிறந்த தேதி, புகைப்படம், திருமண நிலை எதுவும் வேண்டாம். பட்டம் பெற்ற ஆண்டையும் விட்டுவிடலாம், அது பொய்யாகாது. அண்மைய பத்துப் பதினைந்து ஆண்டுகளின் வேலையை விரிவாக எழுதி, அதற்கு முந்தையதை "முந்தைய பணிகள்" என்று இரண்டு வரிகளில் அடக்கிவிடுங்கள். இருபது ஆண்டுகளுக்கு முன்பு பயன்படுத்திய கருவிகளின் பட்டியல் பக்கத்தை நிரப்புமே தவிர, படிப்பவர் தேடும் எதையும் தராது. ஆண்டுகளைத் திருத்தி எழுதுவது மட்டும் கூடவே கூடாது. பணியமர்த்தலுக்குப் பின் நடக்கும் பின்னணிச் சரிபார்ப்பில் அது தெரிந்தால், கையில் கிடைத்த வேலையும் போகும். வயதுப் பாகுபாடு என்று பிறகு வாதாடுவதும் கடினமாகிவிடும்.

ஒரு சிறு எச்சரிக்கை: ரெஸ்யூமேயில் நீக்கியதை லிங்க்ட்இன் பக்கத்தில் அப்படியே விட்டுவைப்பவர்கள் ஏராளம். இரண்டையும் ஒரே நாளில் திருத்துங்கள். வயதை மறைத்து நேர்முகம் வரை போவதில் என்ன பயன் என்றும் கேட்பார்கள். நேரில் பேச ஒரு வாய்ப்புக் கிடைப்பதுதான் பயன். ரெஸ்யூமேயிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

8. மனிதர் பார்ப்பதற்கு முன்பே மென்பொருள் வயதைப் பார்த்து ஒதுக்கிவிடுமா?

ஒதுக்கியதாகக் குற்றம் சாட்டப்பட்ட வழக்கு உண்டு. ஐட்யூட்டர் குழுமம் என்ற இணையவழிக் கல்வி நிறுவனத்தின் விண்ணப்ப மென்பொருள் 55 வயதைத் தாண்டிய பெண்களையும் 60 வயதைத் தாண்டிய ஆண்களையும் தானாகவே நிராகரித்தது என்று அமெரிக்கச் சம வேலைவாய்ப்பு ஆணையம் வழக்குத் தொடுத்தது. நிராகரிக்கப்பட்ட ஒருவர், பிறந்த தேதியை மட்டும் மாற்றி, மற்ற எல்லா விவரங்களையும் அப்படியே வைத்து மறுபடி விண்ணப்பித்தபோது நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. அங்கிருந்துதான் விஷயம் வெளியே வந்தது. நிறுவனம் குற்றச்சாட்டை ஏற்காமலேயே 2023-இல் 3,65,000 டாலர் தரச் சம்மதித்தது.

இவ்வளவு அப்பட்டமாக நிரலில் எழுதி வைப்பது அரிது. பெரும்பாலும் நிகழ்வது மறைமுகமானது: கடந்த ஆண்டுகளில் யார் எடுக்கப்பட்டார்கள் என்ற தரவைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்ட மென்பொருள், வயது என்ற கட்டமே இல்லாமல், பட்டம் பெற்ற ஆண்டு, பணிகளின் எண்ணிக்கை, பழைய கருவிகளின் பெயர்கள் ஆகியவற்றிலிருந்து அதே வடிகட்டலைச் செய்துவிடும். ஒர்க்டே நிறுவனத்தின் மென்பொருள் இப்படிச் செயல்படுவதாகக் கூறும் வழக்கு 2023-இல் தொடங்கியது; 40 வயது கடந்த விண்ணப்பதாரர்கள் கூட்டாக அதில் சேரலாம் என்று 2025 மே மாதத்தில் கலிஃபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் முதற்கட்ட அனுமதி அளித்தது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுக்கிறது. நியூயார்க் நகரம் 2023 ஜூலை முதல் இத்தகைய மென்பொருட்களுக்குப் பாகுபாட்டுத் தணிக்கையைக் கட்டாயமாக்கியது. ஆனால் அந்தத் தணிக்கை பாலினத்தையும் இனத்தையும் மட்டுமே பார்க்கிறது, வயதைப் பார்ப்பதில்லை. உங்களால் செய்ய முடிந்தது ஏழாம் கேள்வியில் சொன்னதும், தெரிந்தவர் வழியாக ரெஃபரல் பெறுவதும்தான். ரெஃபரலில் வரும் ரெஸ்யூமேயைப் பெரும்பாலும் ஒரு மனிதராவது திறந்து பார்க்கிறார்.

9. "நீங்கள் ஓவர்குவாலிஃபைடு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம்?

மூன்றில் ஒரு பயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இவர் கேட்கும் சம்பளத்தை நம்மால் தர முடியாது. தந்தாலும் நல்ல இடம் கிடைத்தவுடன் போய்விடுவார். போகாவிட்டாலும் தன்னைவிட இளைய தலைவரின் சொல்லைக் கேட்க மாட்டார். சில இடங்களில் வயது என்று சொல்ல முடியாததால் சொல்லும் மாற்றுச் சொல்லாகவும் அது பயன்படுகிறது.

பயம் எது என்று கண்டுபிடித்து, அவர்கள் கேட்பதற்கு முன்பே பதில் சொல்லிவிடுவது நல்லது. இந்தப் பணி எனக்கு ஏன் வேண்டும் என்பதற்கு அந்தப் பணியிலிருந்தே ஒரு காரணம் இருக்க வேண்டும். "எந்த வேலையும் செய்யத் தயார்" என்ற பதில் பயத்தை உறுதிப்படுத்துகிறது. இளைய தலைவருக்குக் கீழ் வேலை செய்திருந்தால், அவரோடு கருத்து வேறுபட்ட ஒரு தருணத்தையும் அது எப்படி முடிந்தது என்பதையும் சுருக்கமாகச் சொல்லுங்கள். எனக்கு அகங்காரம் கிடையாது என்று நூறு முறை சொல்வதற்கு அந்த ஒரு நிகழ்ச்சி ஈடாகும்.

10. சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளத் தயார் என்று முதலிலேயே சொல்லிவிடலாமா?

வேண்டாம். அது அவர்களாகக் கேட்காத கேள்விக்குப் பதில். உங்களிடம் ஏதோ குறை இருப்பதாக எண்ண வைக்கும். அவர்கள் ஒதுக்கியிருக்கும் வரம்பு என்ன என்று முதல் தொலைபேசி அழைப்பிலேயே கேளுங்கள். அது உங்களுக்குச் சரிப்படும் என்றால் சரிப்படும் என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போங்கள்.

11. என் மகன் வயதுப் பையன் நேர்முகம் எடுத்தான். கல்லூரியில் படித்த அல்காரிதம் எல்லாம் கேட்டான். இது நியாயமா?

முழு நியாயமில்லை. 'மரம்' எனப்படும் தரவு அமைப்பைத் தலைகீழாகத் திருப்பும் புதிர்களும், வெண்பலகையில் நாற்பது நிமிடத்தில் எழுத வேண்டிய நிரல்களும், அண்மையில் தேர்வு எழுதியவர்களுக்கும் பயிற்சிக்கு ஓய்வு நேரம் உள்ளவர்களுக்கும் சாதகமானவை. வேலையில் அன்றாடம் செய்வதை அவை பெரிதாக அளப்பதில்லை. தேர்வு முறைகள் பற்றிய பழைய ஆய்வுகளைச் சாக்கெட் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2022-இல் மறுபடி கணக்கிட்டபோது, எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பிடும் கட்டமைக்கப்பட்ட நேர்முகம் முதலிடத்தில் வந்தது. அனுபவ ஆண்டுகளின் எண்ணிக்கை அடிமட்டத்துக்கு அருகில் இருந்தது. ஐந்தாம் கேள்வியில் சொன்னதோடு இது பொருந்துகிறது.

நியாயமில்லை என்பதற்காகப் பயிற்சி செய்யாமல் போக வேண்டாம். விதிகளை மாற்றும் இடத்தில் நீங்கள் இன்னும் இல்லை. ஒரு மாதம் தினமும் கொஞ்ச நேரம் ஒதுக்கினால் மறந்தவை பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். எதிரில் இருப்பவரை "தம்பி" என்று அழைத்துப் பேசுவதையும், "அந்தக் காலத்தில் நாங்கள்" என்று தொடங்குவதையும் தவிர்த்துவிடுங்கள். அவர் உங்கள் மகன் வயதுக்காரர் என்ற எண்ணம் முகத்தில் தெரிந்துவிடும். ஒன்பதாம் கேள்வியின் மூன்றாவது பயத்துக்கு நீங்களே ஆதாரம் கொடுத்ததாகிவிடும்.

12. எனக்கு 23 வயது. அனுபவம் இல்லாமல் வேலை இல்லை, வேலை இல்லாமல் அனுபவம் இல்லை. எனக்கு நடப்பது பாகுபாடு இல்லையா?

பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் வாதிடலாம். தேவையில்லாத அளவு நீண்ட அனுபவம் கேட்பது இளையவர்களை மறைமுகமாகப் பாதிக்கிறது என்பது அங்கே ஏற்கத்தக்க வாதம். அமெரிக்காவின் கூட்டாட்சிச் சட்டத்தில் இடமில்லை. முதியவரைவிட இளையவர் பாதிக்கப்பட்டால் அந்தச் சட்டம் தலையிடாது என்று ஜெனரல் டைனமிக்ஸ் நிறுவனம் தொடர்பான வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வழக்கை விட்டுவிட்டு வேலையைப் பார்ப்போம். ஆறாம் கேள்வியின்படி, அனுபவம் என்பது விளைவைப் பார்த்த முடிவு என்றால், அதைச் சம்பளம் இல்லாமலும் ஓரளவு சேர்க்கலாம். பயிற்சி வகுப்பில் எல்லாரும் செய்யும் அதே செயலியை நீங்களும் செய்து, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஏற்றுவதால் ஒன்றும் ஆகாது. உண்மையான ஆட்கள் பயன்படுத்தும் எதையாவது ஆறு மாதம் நடத்திப் பாருங்கள், அவர்கள் பத்துப் பேராக இருந்தாலும் பரவாயில்லை. அல்லது ஒரு திறமூல மென்பொருளில் யாரோ புகார் செய்து கிடப்பில் போட்ட சிறு பிழையை எடுத்து, அதை மீண்டும் நிகழச் செய்து, காரணத்தைக் கண்டு, திருத்தத்தை அனுப்பி, பராமரிப்பவர் திருப்பி அனுப்பிய குறைகளைச் சரிசெய்யுங்கள். அந்த உரையாடல் பொதுவெளியில் இருக்கும். அதன் இணைப்பை ரெஸ்யூமேயில் கொடுத்தால் நான் நிச்சயம் படிப்பேன். முன்பின் தெரியாதவரின் விமர்சனத்தை நீங்கள் எப்படி எடுத்துக்கொண்டீர்கள் என்பது அதில் தெரிந்துவிடும்.

13. 38 வயதில் வேறு துறையிலிருந்து மென்பொருளுக்கு வரலாமா? ஃப்ரெஷர் என்று எடுப்பார்களா?

ஃப்ரெஷர் வரிசையில் நின்றால் கடினம்; அந்த வரிசைக்கான கணக்கு மூன்றாம் கேள்வியில் சொன்ன சம்பளக் கணக்குதான். உங்கள் பழைய துறைக்கு மென்பொருள் செய்யும் நிறுவனங்களை முதலில் தேடுங்கள். பதினைந்து ஆண்டு கணக்கியலில் இருந்தவர், மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும்போது எது எப்படித் தவறும் என்பதை அறிவார். அதை ஒரு நிரலாளருக்குக் கற்றுக்கொடுப்பதைவிட, அவருக்கு நிரலெழுதக் கற்றுக்கொடுப்பது சில நிறுவனங்களுக்கு லாபமாகவே இருக்கிறது. மென்பொருள் சோதனை, தரவு ஆய்வு, வாடிக்கையாளர் நிறுவனங்களில் மென்பொருளை நிறுவிக் கொடுக்கும் பணி ஆகியவை நுழைவாயில்களாகப் பயன்படும்.

14. குழந்தைக்காக நான்கு வருஷம் வேலையை விட்டிருந்தேன். அந்த இடைவெளியை எப்படிச் சொல்வது?

ஒரே வரியில், ஆண்டுகளோடு, மன்னிப்புக் கேட்கும் தொனி இல்லாமல். அடுத்த வரியில் அண்மையில் செய்த தொழில்நுட்ப வேலை ஏதாவது இருக்க வேண்டும். இடைவெளியைப் பற்றிய கவலையைவிட, இப்போது கை பழகியிருக்கிறதா என்ற கவலையே தேர்வுக் குழுவிடம் அதிகம்.

15. எனக்குத் தெரிந்தது பழைய தொழில்நுட்பம் மட்டும்தான். அதையே பிடித்துக்கொண்டிருக்கலாமா?

கொஞ்ச காலம் இருக்கலாம். 1959-இல் வடிவமைக்கப்பட்ட கோபோல் மொழி இன்றும் வங்கிகளிலும் அரசு அமைப்புகளிலும் ஓடுகிறது. 2020 ஏப்ரலில் பெருந்தொற்றால் வேலையிழந்தோரின் விண்ணப்பங்கள் குவிந்தபோது, கோபோல் தெரிந்த தன்னார்வலர்கள் வேண்டும் என்று நியூஜெர்சி மாநில ஆளுநரே வெளிப்படையாகக் கேட்டார். அந்தச் செய்தியைப் பலர் ஆறுதலாகப் பகிர்கிறார்கள். கேட்டது தன்னார்வலர்களை என்பதைக் கவனிக்க மறந்துவிடுகிறார்கள்.

பழைய அமைப்பைப் பராமரிப்பவருக்குத் தேவை இருக்கும். ஆனால் வாங்குகிறவர்கள் சிலர்தான் என்பதால் பேரம் பேசும் வலிமை குறைவு. பழையதைப் புதியதற்கு மாற்றும் திட்டங்களில் சேருங்கள். பழைய நிரலில் ஒளிந்திருக்கும் வணிக விதிகளைப் படித்துச் சொல்ல ஆளில்லாமல் திணறும் மாற்றத் திட்டங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதைச் செய்துகொண்டே புதிய பக்கத்தையும் கற்றுக்கொள்ள முடியும்.

16. மேனேஜர் ஆகாமல் கோடிங்கிலேயே இருந்தால் 45-க்கு மேல் வேலையே கிடைக்காது என்கிறார்களே?

மேனேஜர் ஆனால் கிடைத்துவிடும் என்று எவரும் உத்தரவாதம் தருவதில்லை. மேலாளர் பணிகள் எண்ணிக்கையில் குறைவு. ஆட்குறைப்பு வரும்போது நடுநிலை மேலாளர் அடுக்கைத்தான் நிறுவனங்கள் முதலில் பார்க்கின்றன. பத்தாண்டு நிரல் எழுதாத மேலாளர் மீண்டும் நேர்முகத்துக்குப் போனால், பதினொன்றாம் கேள்வியில் சொன்ன தேர்வு அவருக்கு இன்னும் கடினம். பெரிய நிறுவனங்கள் பலவற்றில் ஸ்டாஃப், பிரின்சிபல் என்று மேலாளர் பதவிக்கு இணையான தொழில்நுட்பப் படிநிலை இருக்கிறது. உங்கள் நிறுவனத்தில் அது காகிதத்தில் மட்டும் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, அந்தப் பதவியில் எத்தனை பேர் இருக்கிறார்கள், கடைசியாக யார் உயர்த்தப்பட்டார் என்று விசாரியுங்கள். ஒருவரும் இல்லை என்றால், வேறு நிறுவனம் தேட வேண்டிய வயது நாற்பதுக்கு முன்புதான்.

17. நான் ஆள் எடுக்கிறவன். குழுவில் எல்லாரும் முப்பதுக்குக் கீழே. ஐம்பது வயதுக்காரர் செட் ஆவாரா என்று யோசிப்பது தப்பா?

யோசிப்பதை யாரும் தடுக்க முடியாது. அந்த யோசனையின் மேல் முடிவெடுத்தால் முதல் கேள்வியின் சட்டங்கள் உங்களைத் தேடி வரலாம். "டிஜிட்டல் யுகத்தில் பிறந்தவர்", "துடிப்பான இளம் குழு" போன்ற சொற்களை விளம்பரத்தில் எழுதுபவர்கள் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு ஆதாரம் தயாரித்துக் கொடுக்கிறார்கள். கல்லூரி வளாகங்களில் மட்டுமே ஆள் எடுப்பதும் பாதுகாப்பான வழி அன்று. அந்த முறையை மையமாக வைத்துத் தொடுக்கப்பட்ட வழக்கில் பிடபிள்யூசி என்ற தணிக்கை நிறுவனம், குற்றச்சாட்டை மறுத்தபடியே, 2020-இல் 1.16 கோடி டாலர் தரச் சம்மதித்தது.

விண்ணப்பங்களைத் திறப்பதற்கு முன்பே, இந்தப் பணியில் சேர்பவர் முதல் ஆறு மாதத்தில் என்ன செய்து முடிக்க வேண்டும் என்று எழுதி வையுங்கள். அதைச் சோதிக்கும் கேள்விகளை எல்லாரிடமும் ஒரே வரிசையில் கேளுங்கள். குழுவினர் ஒருவரோடொருவர் பேசுவதற்கு முன் தனித்தனியாக மதிப்பெண் போடட்டும். மூத்த மேலாளர் முதலில் வாய் திறந்தால் மற்றவர்கள் மதிப்பெண்ணை மாற்றிக்கொள்வதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். "செட் ஆக மாட்டார்" என்று யாராவது சொன்னால், எந்த வேலையில், எந்தச் சூழலில் என்று கேளுங்கள். பதில் வந்தால் அது விவாதிக்கத் தகுந்தது. வராவிட்டால் மதிப்பெண் தாளில் அதற்கு இடம் கிடையாது.

18. என்னை நிராகரித்ததற்கு வயதுதான் காரணம் என்று தோன்றுகிறது. கேட்டுவிடலாமா?

நேராகக் கேட்டால் நேரான பதில் வராது. சட்டத் துறை சொல்லிக்கொடுத்த இரண்டு வரிதான் வரும். அடுத்த முறை மேம்படுத்திக்கொள்ள வேண்டியது எது என்று கேட்டால் சில வேளை பயனுள்ள பதில் கிடைக்கும். வழக்கு எண்ணம் இருந்தால், விளம்பரம் நீக்கப்படுவதற்கு முன்பே அதன் நகலையும், மின்னஞ்சல்களையும், நேர்முகத்தில் வயது பற்றி யாராவது சொன்ன சொற்களையும் தேதியோடு குறித்து வையுங்கள். அமெரிக்காவில் சம வேலைவாய்ப்பு ஆணையத்திடம் புகார் தர 180 நாள்தான் கெடு. வயதுப் பாகுபாட்டுக்குத் தனிச் சட்டமும் அமைப்பும் உள்ள மாநிலங்களில் 300 நாள். எங்கே இருந்தாலும் வழக்கறிஞரைப் பார்ப்பதை ஒத்திப்போடாதீர்கள்.

ஆனால் பத்து நிராகரிப்புகளும் ரெஸ்யூமே கட்டத்திலேயே நிற்கின்றனவா, நேர்முகத்துக்குப் பின் வருகின்றனவா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். முதல் வகையென்றால் ஏழாவதையும் எட்டாவதையும், இரண்டாம் வகையென்றால் ஒன்பதாவதையும் பதினொன்றாவதையும் மறுபடி படியுங்கள்.

19. செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதுகிறது. இனிமேல் யாருக்கு வேலை: அனுபவசாலிக்கா, இளையவருக்கா?

இதுவரை தெரிவது இளையவர்களுக்கு அவ்வளவு நல்ல செய்தி அன்று. ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த பொருளியலாளர் பிரின்யோல்ஃப்சனும் வேறு இருவரும் அமெரிக்கச் சம்பளப் பதிவுகளை ஆராய்ந்து 2025 ஆகஸ்டில் வெளியிட்ட கட்டுரை, செயற்கை நுண்ணறிவு அதிகம் புழங்கும் தொழில்களில் 22 முதல் 25 வயது வரை உள்ளவர்களின் வேலைவாய்ப்பு மற்றவர்களோடு ஒப்பிடுகையில் 13 சதவீதம் சரிந்ததாகக் கண்டது. அதே தொழில்களில் மூத்தவர்களின் வேலைகள் நிலையாக இருந்தன அல்லது கூடின. வட்டி விகித உயர்வும் பெருந்தொற்றுக் காலத்து அளவுக்கு மீறிய ஆள்சேர்ப்பும் இதில் எவ்வளவு பங்கு வகித்தன என்று பொருளியலாளர்கள் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மூத்தவர்கள் இதைக் கேட்டு நிம்மதி அடைய வேண்டியதில்லை. கருவி எழுதித் தரும் நிரலில் எது ஆபத்து என்று கண்டுபிடிக்கும் திறனுக்குத்தான் இப்போது விலை. அந்தக் கருவியைத் தொட்டே பார்க்காதவரிடம் அந்தத் திறன் இருக்கிறதா என்பது யாருக்கும் தெரியாது. இளையவர்களை எடுப்பதையே நிறுத்திய நிறுவனங்களுக்கும் ஒரு கணக்கு காத்திருக்கிறது: பத்தாண்டு கழித்து அவர்களுக்குத் தேவைப்படும் மூத்தவர்களை வேறு யார் பயிற்றுவித்திருப்பார்கள்? அண்மையில் நான் நேர்முகங்களில் கேட்கும் புதிய கேள்வி, செயற்கை நுண்ணறிவு கொடுத்த நிரல் ஒன்றை நீங்கள் வேண்டாம் என்று தள்ளிய தருணத்தைச் சொல்லுங்கள் என்பது. 23 வயதுக்காரரும் 53 வயதுக்காரரும் அதற்கு ஒரே மாதிரி தயாராகலாம்: பயன்படுத்தும்போது தள்ளியதையும் அதற்கான காரணத்தையும் அவ்வப்போது ஒரு கோப்பில் குறித்துக்கொண்டே வந்தால் போதும்.